லெட்டக்கா வைத்த மூன்றாவது தட்டு

லெட்டக்காவுக்குச் சொந்தமாக ஒரு பெயர் உண்டு. சம்பளச் சீட்டில் அது அச்சாகி வரும். மற்றபடி வாசல் காவலர் முதல் மேலாளர் வரை எல்லோருக்கும் அவர் லெட்டக்காதான். அவரைவிடப் பத்து வயது மூத்த பாய்லர்காரர்கூட வாய் நிறைய அக்கா என்பார். கேட்டால், அம்பயருக்கு வயசு பார்க்கக் கூடாது என்பார்.

அக்காவின் வேலை பார்ப்பது. வேறொன்றுமில்லை, பார்ப்பது மட்டும். அவர் உட்காரும் அறையில் பெரிய விளக்குகள் எரியாது. மேசைக்கு ஒரு விளக்குப் பெட்டி. அதன் பின்பலகை பாதி கறுப்பு, பாதி வெள்ளை. ஊசி மருந்து அடைத்து, மூடி போட்டு வரும் கண்ணாடிக் குப்பியைக் கழுத்தில் பிடித்து மெல்ல ஒரு சுழற்றுச் சுழற்ற வேண்டும். வேகம் கூடினால் குமிழி கிளம்பும். குமிழி ஆளை ஏமாற்றும். கறுப்புக்கு முன்னால் ஐந்து விநாடி, வெள்ளைக்கு முன்னால் ஐந்து விநாடி. கறுப்பில் கண்ணாடித் துகள் மின்னும். வெள்ளையில் கருந்தூசி தெரியும். நூலிழை என்றால் இரண்டிலும் நெளியும். மேலே ஏறினால் குமிழி, கீழே இறங்கினால் குப்பை. நல்லது பச்சைத் தட்டுக்கு, கழிவு சிவப்புத் தட்டுக்கு. இருபது நிமிடம் பார்த்தால் ஐந்து நிமிடம் எழுந்து ஜன்னல் வழியாகத் தூரத்தில் எதையாவது பார்த்துக் கண்ணை ஆற்றிக்கொள்ள வேண்டும். அக்கா இதைப் பத்தொன்பது வருடமாகச் செய்கிறார். பக்கத்து மேசையில் உட்கார்ந்து எண்ணிக்கை எழுதுவதும், இருபது நிமிடத்துக்கு ஒரு முறை மணியடிப்பதும் என் வேலை.

ஜன்னலுக்கு வெளியே, ஸ்டோருக்கும் பாய்லர் அறைக்கும் நடுவில் தகரக்கூரை போட்ட ஒரு நீண்ட இடம் இருக்கிறது. தரைக்குப் பூசி மிஞ்சிய மஞ்சள் பெயிண்டில் யாரோ கோடு போட்டு அதை ஷட்டில் மைதானமாக்கியிருந்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் இருபத்தைந்து நிமிடம் ஆட்டம். நாள் முழுக்கக் குப்பிக்குள் துகள் தேடும் கண்ணுக்குக் கோட்டுக்கு உள்ளே விழுந்தது, வெளியே விழுந்தது தெரியாதா என்று கேட்டு அக்காவை அம்பயராக உட்கார வைத்தார்கள். நாற்காலி கிடையாது. அடுக்கி வைத்த மரப்பலகைகளின் மேல் ஒரு கோணி.

உட்கார்ந்த முதல் வாரமே வம்பு வந்தது. பாய்லர்காரர் அடித்த பந்து மூலையில் விழுந்தது. விழுந்த நேரம் பார்த்து ஸ்டோர்காரர் அக்காவின் பார்வைக்குக் குறுக்கே பாய்ந்துவிட்டார். உள்ளே என்றார் இவர், வெளியே என்றார் அவர். அக்கா யோசிக்காமல் ‘லெட்’ என்றார்.

பாய்லர்காரர் பேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். “ஒண்ணு அவனுக்குக் குடுங்க, இல்ல எனக்குக் குடுங்க. ரெண்டும் இல்லாம நடுவுல நின்னா எப்படிக்கா?”

“நான் பாக்கல. பாக்காததுக்கு எப்படி பாயிண்ட் குடுக்கறது?”

“அப்ப நான் அவ்வளவு தூரம் ஓடி ஓடி ஆடினது?”

“அது நடக்கவே இல்லன்னு வச்சுக்கங்க. போட்டவரே மறுபடி போடட்டும்.”

நடந்ததை நடக்கவில்லை என்று வைத்துக்கொள்ள ஒரு சொல் இருப்பது அன்றைக்குத்தான் பலருக்குத் தெரிந்தது. அக்கா பள்ளியில் ஷட்டில் ஆடியவர். விதிகள் கையில் இருந்தன. வலையைத் தாண்டிய பந்து வலையின் உச்சியிலேயே சிக்கித் தொங்கினால் லெட். எதிராளி தயாராகும் முன்னே சர்வீஸ் போட்டால் லெட். அடித்த அடியில் பந்தின் இறகு தனியே, அடியிலுள்ள தக்கை தனியே பிய்ந்து போனால் லெட். கோட்டைப் பார்க்க வேண்டியவர் பார்க்கவில்லை, அம்பயராலும் சொல்ல முடியவில்லை என்றாலும் லெட். யாருக்கும் லாபமில்லை, யாருக்கும் நஷ்டமில்லை. ஸ்கோர் இருந்த இடத்திலேயே இருக்கும்.

சொல் மைதானத்தைவிட்டு வெளியே நடந்தது. கேன்டீன் வரிசையில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் தட்டை நீட்டினால் பரிமாறுகிறவர் லெட் என்று கரண்டியைப் பின்னுக்கு இழுத்தார். லாரிக்காரரும் வாசல் காவலரும் கோபத்தில் ஒரு வார்த்தை அதிகமாகப் பேசிவிட்டு, இருவருமே லெட் சொல்லி வணக்கத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தார்கள். அக்கா வீட்டிலும் புழங்கியது. இரண்டு மகள்களும் சண்டையோடு வந்தால், யார் முதலில் ஆரம்பித்தது என்று தான் பார்க்கவில்லை, அதனால் லெட், இரண்டு பேரும் எழுந்து பாத்திரத்தைத் தேய்க்கலாம் என்று தீர்ப்பாகும். தேய்த்துவிட்டு வந்து மறுபடி சண்டை போட்டுக்கொள்ளலாம். அவர் கணவர் பஸ் பட்டறையில் மெக்கானிக். ஒரு நாள் சிலிண்டருக்குச் சொல்ல மறந்துவிட்டு வந்து, தைரியமாக லெட் என்று சொல்லிப் பார்த்திருக்கிறார். அக்கா விடவில்லை.

“அது லெட் இல்ல, ஃபால்ட். உங்களை யாரும் மறைக்கல.”

இவ்வளவு உறுதியாகச் சொன்னவர்தான் இந்த வருடம் தடுமாற ஆரம்பித்தார்.

முதலில் கவனித்தது கை. குப்பியை முகத்திலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடிப்பவர், இரண்டு சாண் தள்ளிப் பிடித்தார். பிறகு கையை முழுக்க நீட்டினார். குப்பியின் கழுத்தில் இருக்கும் தொகுதி எண்ணை என்னிடம் நீட்டி, படித்துச் சொல்லுங்க தம்பி, கண்ணு எரியுது என்றார். அடுத்தது மைதானம். வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ வரும் லெட், ஒரே வாரத்தில் ஒன்பது வந்தது. பெரும்பாலும் ஸ்டோர் பக்கத்து ஓரக் கோட்டில். அக்கா கண்ணை மூடிக்கிட்டு அம்பயரிங் பண்றாங்க என்று பாய்லர்காரர் சிரித்தார். எல்லோரும் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை.

அன்று மாலை கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும்போது, கேட்காமலே சொன்னார். அவர் அப்பாவுக்குக் கண்ணில் அழுத்தம் ஏறும் நோய் இருந்திருக்கிறது. வலி கிடையாது, சிவப்பு கிடையாது. பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வந்திருக்கிறது. கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்வார். கவனமில்லாத மனுஷன் என்று வீட்டில் திட்டியிருக்கிறார்கள். டாக்டரிடம் போனபோது நடுவில் ஒரு கைக்குட்டை அளவுதான் மிச்சம். அப்போது அவருக்கு ஐம்பது. அக்காவுக்கு இப்போது நாற்பத்தேழு.

“எனக்கும் ஓரம்தான் போகுது தம்பி. அந்தக் கோடு தெரியவே மாட்டேங்குது.”

டாக்டரைப் பார்க்கலாமே என்றேன். கம்பெனிக்குக் கண் பரிசோதனை வண்டி வந்த அன்று வயிற்றுவலி என்று லீவு போட்டதாகச் சொன்னார். தெரிந்துகொள்ளாதவரை அது ஆகவில்லை என்று ஒரு கணக்கு. ஆனால் வருடாந்திரத் தேர்வுக்கு லீவு போட முடியாது. பார்வையிடும் ஒவ்வொருவரும் வருடத்துக்கு ஒரு முறை கண்ணை நிரூபிக்க வேண்டும். தவறினால் அட்டைப்பெட்டிப் பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள். பெட்டி மடிப்பது ஒன்றும் கேவலமில்லை என்றார் அக்கா. ஆனால் தனக்கு என்ன வந்திருக்கிறது என்பது டாக்டர் சொல்லி அல்ல, மடிக்கப் போகும் பெட்டி சொல்லித் தெரிந்துவிடும். தேர்வுக்கு இன்னும் பதினொரு நாள் இருந்தது. பதினொரு நாளும் அவர் தூங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

தேர்வு காலை பத்து மணிக்கு. தர அதிகாரி புதிதாக வந்தவர். சிரிப்பதற்கும் கையெழுத்து வேண்டும் என்பதுபோல இருக்கும் இளம் பெண். எண்பது குப்பிகளை மேசையில் வைத்தார். சிலவற்றில் குறை இருக்கும், எத்தனை என்று சொல்ல மாட்டார்கள். குறையை விட்டாலும் தப்பு, நல்லதைக் கழித்தாலும் தப்பு. நேரம் பார்க்க என்னைக் கடிகாரத்தோடு உட்கார வைத்தார்.

அக்கா கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தார். சுழற்று, கறுப்பு, வெள்ளை, பச்சை. சுழற்று, கறுப்பு, வெள்ளை, சிவப்பு. இருபது குப்பிக்குக் கை பழைய கதியில் போனது. இருபத்தொன்றாவதில் நின்றது. பத்து விநாடி முடிந்ததும் நான் பென்சிலால் மேசையைத் தட்டினேன். அக்கா இடது கையால் பக்கத்திலிருந்த அட்டைப்பெட்டியின் மூடியை இழுத்து, இரண்டு தட்டுகளுக்கும் நடுவில் மல்லாக்க வைத்து, குப்பியை அதில் வைத்தார். கை தானாகச் செய்தது அது. கேட்டிருந்தால் அவருக்கே தெரிந்திருக்காது. அதிகாரியின் பேனா ஒரு கணம் நின்று, மறுபடி எழுதியது.

எண்பது முடிந்தபோது மூடியில் ஏழு குப்பிகள் இருந்தன.

இது என்ன என்று அதிகாரி கேட்டார்.

“லெட் மேடம்” என்று சொன்ன பிறகுதான் எங்கே உட்கார்ந்து சொல்கிறோம் என்பது அக்காவுக்கு உறைத்தது. முகம் வெளிறிவிட்டது. அதிகாரி என்னைப் பார்த்தார். அது ஷட்டில் ஆட்டத்தில் வரும் சொல், அம்பயர் பார்க்காவிட்டால் சொல்வது என்று எனக்கு வந்த குரலில் சொன்னேன். அதிகாரிக்குச் சிரிப்பு வரவில்லை. இங்கே தட்டு இரண்டுதான் என்றார். இன்னொரு முறை பார்த்து, ஏழையும் ஏதாவது ஒரு பக்கம் வைக்கச் சொன்னார்.

அக்கா ஏழையும் எடுத்தார், ஏழையும் பார்த்தார். ஒவ்வொன்றையும் திரும்ப அந்த மூடியிலேயே வைத்தார்.

“லைன்ல இப்படித்தான் பண்ணுவீங்களா?”

“இல்ல மேடம். லைன்ல சந்தேகம்னா அப்பவே கழிச்சுருவேன். அது ஒருத்தர் நரம்புல ஏறுற மருந்து, அங்க மறுபடி ஆட முடியாது.” மேசையில் இருந்த மூடியைக் காட்டினார். “இங்க நீங்க கேட்டது என் கண்ணை. தெரியாததைத் தெரியும்னு எப்படி மேடம் சொல்றது?”

அதிகாரி மூன்று தட்டுகளையும் தனித்தனியாக அட்டையில் குறித்துக்கொண்டார். மூன்று மணிக்கு வந்து பார்க்கச் சொல்லிவிட்டுப் போனார். மூன்று மணி ஆக இன்னும் நான்கு மணி நேரம் கிடந்தது.

சாப்பாட்டு நேரத்தில் அக்கா மைதானப் பக்கம் வரவில்லை. ஓய்வறையில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்பயர் இடத்தில் ஸ்டோர்காரரை ஏற்றினார்கள். ஆட்டம் சூடு பிடிக்குமுன்னே அவர் ஒரு லெட் கொடுத்தார். பிறகு இன்னொன்று. பத்து நிமிடத்தில் நான்கு. நீயுமாடா என்று பாய்லர்காரர் கத்திக்கொண்டே ஸ்டோர் பக்கத்து ஓரத்துக்குப் போனார், குனிந்தார், பிறகு முழங்கால் போட்டு உட்கார்ந்தார். நாங்களும் போய்ப் பார்த்தோம். மருந்து டிரம் ஏற்றும் தள்ளுவண்டி தினமும் இருபது தடவை அந்த ஓரமாகத்தான் போகிறது. போய்ப் போய் மஞ்சள் பெயிண்ட் தேய்ந்து, சிமெண்டு நிறத்துக்கே வந்திருந்தது. உள்ளே, வெளியே என்று இத்தனை நாள் சண்டை போட்ட பத்துப் பேரும் இல்லாத கோட்டுக்காகப் போட்டிருக்கிறோம். யாரும் பார்க்கவில்லை, ஏனென்றால் ஆடுகிறவன் கோட்டைப் பார்ப்பதில்லை. அவனுக்கு வேண்டிய இடத்தில் கோடு தானாகவே இருக்கும்.

பாய்லர்காரர் வியர்வையோடு ஓய்வறை வாசலில் போய் நின்றார்.

“அக்கா, உங்க கண்ணு இல்லக்கா. அங்க கோடே இல்ல.”

அக்காவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. எழுந்து வந்து பார்த்தார். செருப்பு நுனியால் அந்த இடத்தைத் தேய்த்துப் பார்த்தார். சிரிப்பு மாதிரி ஒன்று வந்து பாதியில் நின்றது. கோடு இல்லாமல் போனது சரி, ஆனால் குப்பியில் எழுத்து தெரியாதது எதனால் என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். ஆனாலும் திரும்பிப் போய் டப்பாவில் இருந்ததில் பாதி சாப்பிட்டார்.

மூன்று மணிக்குக் கூப்பிட்டார்கள். நேரம் குறித்தவன் என்பதால் கையெழுத்துக்கு நானும் போனேன். அதிகாரியின் மேசையில் மூடி அப்படியே இருந்தது, ஏழு குப்பிகளோடு. பக்கத்தில் ஒரு விடைத்தாள். அதை இதுவரை எங்கள் பிரிவில் யாருக்கும் காட்டியதில்லை. அவர் அதைத் திருப்பி வைத்தார்.

தாளில் இரண்டு பிரிவு இல்லை, மூன்று இருந்தன. எண்பதில் பன்னிரண்டு, எந்தக் கண்ணும் தவற விடக்கூடாத குறை. அறுபது சுத்தமானவை. மிச்சம் எட்டு, பத்துப் பேரில் ஐந்து பேர் பிடிப்பார்கள், ஐந்து பேர் விடுவார்கள். அவ்வளவு சின்னத் துகள். தேர்வு எழுதுகிறவருக்கு அந்த எட்டு இருப்பதையே சொல்வதில்லை. அதில் எப்படி முடிவெடுத்தாலும் மதிப்பெண் கிடையாது, கழிவும் கிடையாது.

அக்கா பன்னிரண்டையும் பிடித்திருந்தார். ஒரு நல்ல குப்பியையும் கழிக்கவில்லை. மூடியில் இருந்த ஏழில் ஆறு, அந்த எட்டில் உள்ளவை. ஏழாவது சுத்தமான குப்பி. ஆனால் கண்ணாடியின் வெளிப்புறம் முடிபோல ஒரு கீறல். அந்தக் கீறலைத் தானே இன்று மத்தியானம் உருப்பெருக்கி வைத்துத்தான் பார்த்ததாக அதிகாரி சொன்னார். தேறிவிட்டீர்கள் என்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஆனா, கையை இவ்வளவு தூரம் நீட்டிப் பாக்கறீங்களே, எத்தனை நாளா?”

மறைக்க வழியில்லை. அக்கா எல்லாவற்றையும் சொன்னார். அப்பா, ஓரம், கைக்குட்டை, வயிற்றுவலி லீவு. அதிகாரி குறுக்கிடாமல் கேட்டார். பிறகு, கண்ணாடி போட்டுக்கொண்டு தேர்வு எழுதலாம், வேலையும் பார்க்கலாம், விதியிலேயே இருக்கிறது என்று அந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டினார். நாளைக்குக் காலை டாக்டரைப் பார்க்காமல் விளக்குப் பெட்டி முன்னால் உட்காரக் கூடாது, இது வேண்டுகோள் இல்லை என்றார். அப்பாவின் நோயையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்று ஒரு சீட்டில் தானே எழுதிக் கொடுத்தார். கிளம்பும்போது, அந்த மூடி இங்கேயே இருக்கட்டும் என்றார்.

கண் மருத்துவமனையில் நடந்தது அக்காவின் கணவர் சொல்லித் தெரியும். நாற்காலியில் உட்கார்ந்து கருவியில் தாடையை வைக்கச் சொன்னபோது அக்கா அவர் கையைப் பிடித்திருக்கிறார். பிடித்த பிடியில் ஸ்பானர் பிடித்துக் காய்த்த கையே வலித்ததாம். கண்ணுக்குள் புஸ்ஸென்று காற்றடித்து அழுத்தம் பார்த்தார்கள். மருந்து விட்டு ஒரு மணி நேரம் உட்கார வைத்தார்கள். பிறகு அரைக்கோளக் கிண்ணம்போன்ற ஒரு கருவிக்குள் முகத்தை நுழைத்து, ஓரத்தில் எங்கே வெளிச்சப் புள்ளி தெரிந்தாலும் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். பொத்தான் டிக் டிக்கென்று விடாமல் கேட்டுக்கொண்டே இருந்ததாம். வெளியே உட்கார்ந்து அவர் ஒவ்வொரு டிக்கையும் எண்ணியிருக்கிறார். நூற்றுக்கு மேல் எண்ணிக்கை விட்டுப்போய்விட்டது.

டாக்டர் இரண்டே வாக்கியம் சொன்னார். அழுத்தமும் சரி, ஓரப் பார்வையும் சரி, ஒன்றும் இல்லை. வந்திருப்பது வெள்ளெழுத்து, நாற்பது தாண்டினால் எல்லோருக்கும் வருவது. அக்கா நம்பாமல், அப்பாவுக்கு இருந்ததே என்றார். அதனால்தான் வருடா வருடம் வர வேண்டும், வயிற்றுவலி வராமல் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதிகாரியின் சீட்டில் அதுவும் இருந்திருக்கும்போல.

“எழுத்து தெரியலன்னு வீட்ல ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் கண்ணாடியைக் குடுத்துப் பாத்திருப்பேனே” என்று பஸ்ஸில் கணவர் கேட்டிருக்கிறார். திரும்பிப் பார்த்தால் அக்கா ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார், வாயைத் திறந்து. இறங்கும் நிறுத்தம் வந்தது. எழுப்ப மனசு வராமல் கடைசி நிறுத்தம்வரை போய், அதே பஸ்ஸில் திரும்பி வந்திருக்கிறார்கள். கண்டக்டர் கேட்டதற்கு, பதினொரு நாள் தூக்கம் பாக்கி இருக்குங்க என்று சொல்லி இன்னும் இரண்டு டிக்கெட் வாங்கினாராம்.

வீட்டுக்கு வந்தும் தூங்கினார். மகள்கள் சாப்பிடக் கூப்பிட்டார்கள், எழவில்லை. மறுநாள் காலை கம்பெனி பஸ் தெருமுனையில் நின்று ஹாரன் அடித்துவிட்டுப் போனதும் தெரியாது. அக்கா அடுத்த பஸ்ஸைப் பிடித்து, நாற்பது நிமிடம் தாமதமாக, மூக்கில் ஆஸ்பத்திரிக் கடையிலேயே வாங்கிய புதுக் கண்ணாடியோடு வாசலில் வந்து இறங்கினார். பத்தொன்பது வருடத்தில் முதல் தாமதம். காவலருக்குப் பதிவேட்டை நீட்டவே சங்கடம். காரணம் என்ற கட்டத்தைக் காட்டி, ஆஸ்பத்திரின்னு எழுதிக்கவா அக்கா என்று கேட்டார்.

“ஆஸ்பத்திரி நேத்து. இன்னைக்குத் தூங்கிட்டேன். அப்படியே எழுதுங்க” என்றார் அக்கா. கட்டத்தில் அவர் எழுதி முடிக்கும்வரை நின்று, கிட்டத்தில் குனிந்து, எழுத்துப் பிழை இருக்கிறதா என்று படித்துப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.